ஸ்டோரிலைன் கேப்ஷனில் வரி இடைவெளி சீராக வரவில்லை: தமிழ், மலையாளம் இரண்டிலும்

கேள்வி | கொழிஞ்சாம்பாறை

வணக்கம். பால் சங்கத்தில் பால் எடுப்பவர்களுக்கு ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் 360 என்ற கணினிவழிப் பாடம் செய்யும் மென்பொருளில் ஒரு பாடம் தயாராகிறது. இந்தக் கேரள-தமிழ்நாடு எல்லைப் பகுதியில் ஒரே சங்கத்தில் தமிழ் படிக்கிறவங்களும் மலையாளம் படிக்கிறவங்களும் இருப்பதால் இரண்டு மொழியிலும் தேவை. ஸ்லைடு அளவு 720×405. கேப்ஷன் எல்லாம் ‘இன்சர்ட்’ வழியாகப் போட்ட பேச்சுக்குமிழ், எழுத்து 18 புள்ளி.

மூன்று சிக்கல். “கொழுப்பு 3.2, எஸ்என்எஃப் 8.3” (எஸ்என்எஃப் என்பது பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) மாதிரி எண் வருகிற வரி மட்டும் மற்ற வரிகளைவிடத் தள்ளி நிற்கிறது. சில குமிழில் எழுத்து தானாகச் சிறுத்துவிடுகிறது. மலையாளத்தில் கடைசி வரியின் அடிப்பகுதி குமிழின் ஓரத்தை முட்டுகிறது. வரி இடைவெளியை 1.5 ஆக்கினால் குமிழே நிரம்பி வழிகிறது. எங்கே சரிசெய்வது?

பதில் 1 | கல்பாத்தி

மூன்றும் தனித்தனிக் கோளாறு. வரி இடைவெளியை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் ஒன்று சரியாகி இன்னொன்று கெடும்.

முதலில் எண் வரி. உங்கள் தீம் எழுத்துருவில் (பாடம் முழுமைக்கும் இயல்பாக வரும் எழுத்துரு) தமிழ் எழுத்தே இருக்காது என்று நினைக்கிறேன். அப்போது தமிழை நிரலே வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போடும். எண்ணும் ஆங்கில எழுத்தும் மட்டும் தீம் எழுத்துருவில் நிற்கும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்று சொந்த உயரம் உண்டு. ‘சிங்கிள்’, ‘1.5’, ‘மல்டிபிள்’ எல்லாம் அந்த உயரத்தைப் பெருக்குகிறவைதான். இரண்டு எழுத்துரு கலந்த வரியில் எது உயரமோ அதுவே கணக்கு. அதனால்தான் அந்த வரி மட்டும் தள்ளி நிற்கிறது.

எனவே தமிழும் எண்ணும் ஆங்கிலமும் ஒரே எழுத்துருவில் இருக்க வேண்டும். விண்டோஸில் இருக்கும் நிர்மலா யுஐ போதும். அதில் தமிழ், மலையாளம், தெலுங்கு, ஆங்கிலம் நான்கும் உண்டு. பழைய லதாவை விட்டுவிடுங்கள், அதில் மலையாளம் கிடையாது. ‘டிசைன்’ → ‘ஃபான்ட்ஸ்’ → புதிய தீம் எழுத்துரு உருவாக்கு. தலைப்பு, உடல் இரண்டுக்கும் அதையே கொடுங்கள். ஏற்கெனவே கையால் எழுத்துரு மாற்றிய குமிழ்கள் தீம் எழுத்துருவைப் பின்பற்றாது. அவற்றை ‘ஹோம்’ → ‘ரீப்ளேஸ்’ → ‘ரீப்ளேஸ் ஃபான்ட்ஸ்’ மூலம் மாற்றலாம்.

அதன் பிறகு ‘பாராகிராஃப்’ பெட்டியைத் திறந்து ‘லைன் ஸ்பேசிங்’கில் ‘எக்ஸாக்ட்லி’ எடுங்கள். 18 புள்ளித் தமிழுக்கு 26 வைத்துத் தொடங்கலாம். மலையாளத்துக்கு 28. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் 0. ‘எக்ஸாக்ட்லி’ வைத்தால் எந்த எழுத்துரு கலந்தாலும் வரி அசையாது. ஒரு எச்சரிக்கை: பின்னால் எழுத்தை 22 ஆக்கினால் இடைவெளி தானாக வளராது. மேல் வரியின் ‘கு’, ‘ரூ’ வால் கீழ் வரியின் ‘கி’, ‘தீ’ சுழியில் போய் உட்காரும். எழுத்தளவை மாற்றினால் இதையும் மாற்றியே தீர வேண்டும்.

வரியை உடைக்க எண்டர் தட்டியிருந்தால் அது புதுப் பத்தி. ‘ஆஃப்டர்’ இடைவெளி அங்கே வந்து சேரும். ஷிஃப்ட்+எண்டர் தட்டுங்கள்.

எழுத்து சிறுப்பது ‘ஆட்டோஃபிட்’ வேலை. குமிழின் மேல் வலது சொடுக்கு, ‘ஃபார்மட் ஷேப்’, ‘டெக்ஸ்ட் பாக்ஸ்’. அங்கே ‘ஷ்ரிங்க் டெக்ஸ்ட் ஆன் ஓவர்ஃப்ளோ’ இருந்தால் ‘டூ நாட் ஆட்டோஃபிட்’ ஆக்குங்கள். ‘ரீசைஸ் ஷேப் டு ஃபிட் டெக்ஸ்ட்’ கேப்ஷனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குமிழ் வளரும்போது வால்முனையும் அதே விகிதத்தில் இழுபட்டு, பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரைக் காட்டவேண்டிய முனை பால்கேனைக் காட்டும். பிறகு மஞ்சள் பிடியை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதே பெட்டியில் ‘இன்டர்னல் மார்ஜின்’ இருக்கிறது. மலையாளம் முட்டுவதற்கு மருந்து அதுதான். ‘பாட்டம்’ மதிப்பை ‘டாப்’பைவிட 4 பிக்சல் கூட்டுங்கள்.

பதில் 2 | நகரி

தெலுங்கு-தமிழ்ப் பாடம் செய்கிறவர்களுக்கும் இதே பிரச்சினை, இன்னும் கடுமையாக. தமிழில் எழுத்து எழுத்துக்குக் கீழே அடுக்காது. தெலுங்கில் ஒத்து (கூட்டெழுத்தின் துணை வடிவம்) எல்லாம் எழுத்துக்கு அடியில் தொங்கும். மலையாளத்தில் அது எழுத்துருவைப் பொறுத்தது. 1971-ல் வந்த புதிய லிபியைப் பின்பற்றும் எழுத்துருவில் அடுக்கு குறைவு. ரச்சனா மாதிரி பழைய லிபி எழுத்துருவில் கூட்டெழுத்து நன்றாகக் கீழே இறங்கும், அதற்கு 28 போதாது, 30-31 வேண்டும். ஆகவே மொழியை மட்டும் பார்த்து எண் வைக்காதீர்கள், எழுத்துருவையும் பாருங்கள்.

இரண்டு மொழியும் ஒரே முகத்தோடு தெரிய வேண்டுமென்றால் அனெக் குடும்பம் நல்லது. அனெக் தமிழ், அனெக் மலையாளம், அனெக் தெலுங்கு என்று தனித்தனியாக உண்டு, ஆங்கிலமும் அதிலேயே இருக்கிறது, திறந்த உரிமம். இறக்கிய கோப்புறையில் ‘ஸ்டாட்டிக்’ என்று இருப்பவற்றை மட்டும் நிறுவுங்கள்.

‘கேரக்டர் ஸ்பேசிங்’கைத் தொடவே தொடாதீர்கள், ‘நார்மல்’ இருக்கட்டும். ‘லூஸ்’ ஆக்கினால் ‘கொ’வின் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகும் அபாயம் இருக்கிறது. இருபக்கச் சீரமைப்பும் வேண்டாம். “பரிசோதித்துக்கொள்ளுங்கள்” போன்ற நீளச் சொல் அடுத்த வரிக்குத் தாவியதும் மேல் வரியில் இரண்டு சொல்லுக்கு நடுவே பெரிய பள்ளம் விழும். இடப்பக்கச் சீரமைப்பே கண்ணுக்கு இதம்.

கேட்டவர் | கொழிஞ்சாம்பாறை

நிர்மலா யுஐ, ‘எக்ஸாக்ட்லி’ 26 வைத்ததும் தமிழ் சரியாகிவிட்டது. மிக்க நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. எல்லாக் குமிழையும் ஒவ்வொன்றாகத் திறந்துதான் மார்ஜின் மாற்ற வேண்டுமா? மலையாள மொழிபெயர்ப்பு டிடிபி கடையிலிருந்து வேர்டு கோப்பாக வந்தது, ஸ்டோரிலைனில் ஏற்றினால் வெறும் ஆங்கில எழுத்தாக நிற்கிறது.

பதில் 3 | கல்பாத்தி

வேர்டு கோப்பு எம்எல்-டிடி கார்த்திகாவில் அடித்ததாக இருக்கும். அது யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் மலையாள வடிவத்தை வைத்த பழைய முறை, தமிழில் பாமினி போல. எழுத்துரு மாற்றியதும் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். முதலில் யூனிகோடுக்கு மாற்றி, சில்லெழுத்துகளை (உயிர் சேராமல் தனியே நிற்கும் மெய் வடிவங்கள்) மலையாளம் தெரிந்த ஒருவர் சரிபார்த்த பிறகு ஏற்றுங்கள். அடுத்த முறை ‘ஃபைல்’ → ‘டிரான்ஸ்லேஷன்’ வழியாக வேர்டுக்கு ஏற்றுமதி செய்து, யூனிகோடில் மட்டும் நிரப்பித் தரச் சொல்லுங்கள்.

குமிழ் விஷயம்: ஒன்றை முழுதாகச் சரிசெய்து, வலது சொடுக்கில் ‘செட் ஆஸ் டிஃபால்ட்’ கொடுத்தால் இனிமேல் போடுவதெல்லாம் அப்படியே வரும். பழையவை மாறாது. ஒரு ஸ்லைடில் இருக்கும் குமிழ்களைக் கன்ட்ரோல் அழுத்திச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ‘ஃபார்மட் ஷேப்’ திறந்தால் மார்ஜினை ஒரே தடவையில் கொடுக்கலாம். உரையை வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் அங்கிருந்த இடைவெளியும் கூடவே வரும், நடுவில் நோட்பேடில் போட்டு எடுங்கள்.

‘ஹோவர்’ (சுட்டியை மேலே வைக்கும்போது), ‘விசிட்டட்’ (ஒருமுறை பார்த்த பிறகு) நிலைகளில் எழுத்தில் கைவைத்திருந்தால் அவை தனியாக நிற்கும். ‘ஸ்டேட்ஸ்’ பலகத்தில் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கடைசியாக, வெளியிட்ட பிரதியைச் சங்கத்தில் பயன்படுத்தப்போகும் அதே கைபேசியில் திறந்து, அதிக வரியுள்ள குமிழ்களைச் சரிபாருங்கள். 720 அகல ஸ்லைடு கைபேசியில் சுருங்கும்போது 18 புள்ளி மிகவும் சிறிதாகிவிடும். அப்படித் தெரிந்தால் எழுத்தை 22 ஆக்கி, இடைவெளியை 32 வைத்து, உரையைக் குமிழுக்கு மூன்று வரிக்குள் வெட்டுங்கள்.