செய்தது யார் என்று சொல்லட்டும்: யாழ்ப்பாணத்து உறவுகளின் அனுபவப் பகிர்வு

கோண்டாவிலில் இருந்து:

2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி செம்மணி சித்துப்பாத்தி மயானத்துக்கு மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்குள்ள மனிதப் புதைகுழியில் எடுத்த பொருட்களை அடையாளம் காண்பதற்காக, நீதிமன்ற உத்தரவின்படி அன்று பொதுமக்களுக்குக் காட்டினார்கள்.

மாமியின் மகன் 1996இல் ரியூஷனுக்குச் சைக்கிளில் போனவன். தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்திருந்த சனம் வலிகாமத்துக்குத் திரும்பிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இராணுவச் சோதனைச் சாவடியில் அவனை மறித்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். சைக்கிள்கூடத் திரும்பி வரவில்லை.

உடுப்புகள், செருப்புகள், காப்புகள், பால் போத்தல், பொம்மை எல்லாம் வைத்திருந்தார்கள். மாமி தேடிப் போனது ஒரு பெல்ட். பக்கிள் உடைந்து, அவனே கம்பியால் கட்டியிருந்த பெல்ட். அது அங்கே இல்லை. ஆனால் சிறுபிள்ளை ஒன்றின் எலும்புகளோடு கிடைத்த நீலநிறப் பாடசாலைப் பைக்கு முன்னால்தான் அவர் அதிக நேரம் நின்றார். “இந்தளவு பிள்ளை என்ன செய்தது?” என்று பக்கத்தில் நின்ற பொலிஸ்காரரிடம் கேட்டார். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் சொன்னார்: “இல்லை எண்டது நல்லதோ கெட்டதோ தெரியேல்லையடி.”

வெளியூர் உறவுகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். செம்மணி நேற்றுத் தெரிய வந்த இடமில்லை. மாணவி கிருசாந்தியும் அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் 1996இல் கொல்லப்பட்ட வழக்கில், 1998இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவரே அங்கே 300, 400 உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அதோடு நின்றுவிட்டது. பிறகு 2025இல் மயானத்தில் தகனமேடை கட்ட மண்ணை வெட்டியபோதுதான் மறுபடி எலும்புகள் வந்தன. அந்த ஆண்டிலேயே 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. இடையில் இத்தனை வருடம் நாங்கள் அந்தப் பக்கத்தால்தான் பஸ்ஸில் போய் வந்தோம். நல்லூர்த் திருவிழாவுக்குத் தெற்கிலிருந்து வருகிறவர்களும் அதைத் தாண்டித்தான் வருகிறார்கள்.

காணாமல் போனவர்களை விசாரிக்க அரசாங்கம் அமைத்த எல்லா ஆணைக்குழுக்களுக்கும் மாமி போனவர். ஒன்றில், கோழி வளர்க்க உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். அவர் கொண்டுபோன பைலைத் திறந்தே பார்க்கவில்லை. இன்னொன்றில், மரணச் சான்றிதழ் எடுத்தால் நட்டஈடு கிடைக்கும் என்றார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை. மறித்தவன் யார், அவனுக்குக் கட்டளை போட்டவன் யார் என்றுதான் மாமி கேட்கிறார். சமாதானம் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மானிப்பாயில் இருந்து:

அக்கா, உங்கள் மாமி கேட்டதையேதான் எங்கள் அப்பாவும் சாகும்வரை கேட்டார். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, கொழும்பு வெள்ளவத்தை. தமிழருக்கு எதிரான கலவரம். காடையர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடி வந்தார்கள். பின்வீட்டுச் சிங்கள அம்மா எங்களைக் குசினிக்குள் இருத்திவிட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் இல்லையென்றால் இதை எழுத நான் இல்லை. அப்பாவின் கடை போய்விட்டது. அப்புறம் அகதிமுகாம், கப்பல், காங்கேசன்துறை. கையில் ஒன்றுமில்லாமல் வந்த எங்களை இந்த ஊர்தான் தாங்கியது.

2004இல் ஜனாதிபதி சந்திரிகா 83க்காக மன்னிப்புக் கேட்டார். அப்பா அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்துவிட்டு, “சரி, ஆனா செய்தது ஆரெண்டு சொல்லேல்லையே” என்றார். அதே கலவர நாட்களில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள், அரசாங்கத்தின் பூட்டுக்குள் இருந்த 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அதற்குக்கூட இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

புத்தளத்தில் இருந்து, சொந்த இடம் யாழ்ப்பாணம் சோனகதெரு:

மானிப்பாய்த் தம்பி எழுதியதை வாசித்த பிறகு நானும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். உங்களைத் தாங்கிய ஊரில் இருந்துதான் எங்களைப் போகச் சொன்னார்கள்.

1990 அக்டோபர் 30. முஸ்லிம்கள் எல்லோரும் ஜின்னா மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அங்கே போனால், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டு வெளியேறும்படி கட்டளை. விடுதலைப் புலிகள் அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எங்கள் சனத்தை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். வழியில் உம்மாவின் காதுத் தோட்டையும் கழற்றச் சொன்னார்கள். நான் அப்போது ஒஸ்மானியாக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகங்களை எடுக்க நேரமில்லை.

முன்வீட்டுத் தமிழ் ஐயா எங்கள் வீட்டுத் திறப்பை வாங்கி வைத்திருந்தார். 2002இல் யுத்தநிறுத்தம் வந்து நாங்கள் போனபோது அவர் காலமாகியிருந்தார். அவருடைய மகள் திறப்பைக் கொண்டுவந்து வாப்பாவின் கையில் தந்தார். வீட்டில் கதவு, நிலை, ஓடு எதுவும் இல்லை.

செம்மணிக்கு நீதி வேண்டும். அதை நான் முழுமனதோடு கேட்கிறேன். கோண்டாவில் அக்காவின் மாமிக்கு என் ஸலாம் சொல்லுங்கள். எங்களை வெளியேற்ற முடிவெடுத்தது யார் என்பதையும் அதே வாயால் கேளுங்கள். என் வாப்பாவுக்கு வயது போய்விட்டது. அவரிடம் வந்து இதுவரை ஒருவரும் வாக்குமூலம் எடுக்கவில்லை.