ஸ்டீரியோ கம்ப்ரசரில் குரல் இடது பக்கம் ஓடுகிறது: உப்புக்காற்றா, எல்டிஆரா?

பாம்பன்_மைக்செட்:
திருவிழாக் கச்சேரியை மிக்சரிலிருந்து நேராகப் பதிவு செய்யும்போது தவில் அடி விழுந்தால் எல்லாம் உடைகிறது என்பதால் வீட்டிலேயே ஒரு ஸ்டீரியோ கம்ப்ரசர் (சத்தம் அளவு மீறினால் தானாகக் குறைக்கிற பெட்டி) கட்டினேன். எல்இடியையும் எல்டிஆரையும் (வெளிச்சம் கூடினால் ரெசிஸ்டன்ஸ் குறைகிற சென்சார்) எதிரெதிரே வைத்துக் கறுப்பு ஸ்லீவ் போட்டுச் சுருக்கிய வகை, பக்கத்துக்கு ஒன்று. சிக்னல் 22 கிலோ ஓம் வழியாக வருகிறது, அதற்கு அப்பால் எல்டிஆர் அதைக் கிரவுண்டுக்கு இழுக்கிறது. இரண்டு சேனலும் டயோடு வழியாக ஒரே 1 மைக்ரோ பாரட் கெப்பாசிட்டரை நிரப்புகின்றன, அதன் குறுக்கே 1 மெகா ஓம் (சத்தத்தை அளக்கிற டிடெக்டர் இதுதான்), அப்புறம் டிஎல்072 ஆம்ப்ளிபயர் சில்லு, அதிலிருந்து ஒரே ரெசிஸ்டர் வழியாக இரண்டு எல்இடியும் பேரலலாக.

கோளாறு இரண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது குரல் நடுவில் நிற்கிறது, கம்ப்ரஸ் ஆகத் தொடங்கியதும் இடது பக்கம் ஓடிவிடுகிறது. இன்னொன்று, பகலில் ரிலீஸ் (குறைத்த சத்தம் பழைய அளவுக்குத் திரும்புவது) மெதுவாக, கேட்க இதமாக இருக்கிறது, பொழுது சாய்ந்தால் வேகமாகி மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்குகிறது. பைபாஸில் (கம்ப்ரசரைத் தாண்டி நேராக விட்டால்) எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கீழக்கரை_சாலிடர்:
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. உப்புக்காற்று. நம் கரையில் ரிப்பேருக்கு வருகிற ஆம்ப்ளிபயரைத் திருப்பிப் பார்த்தால் தெரியும், செம்புத் தடம் பச்சை பூத்திருக்கும், கழுவாமல் விட்ட பிளக்ஸ் (சாலிடர் பிசின்) மேல் உப்பு ஏறி விரல் வைத்தால் பிசுபிசுக்கும். வாடை அடிக்கிற மாதங்களில் கேட்கவே வேண்டாம். போர்டை ஐபிஏ ஆல்கஹால் ஊற்றி டூத் பிரஷ்ஷால் தேய், நன்றாகக் காயவை, மேலே கோட்டிங் அடி. இரண்டு கோளாறும் போய்விடும்.

ஓம்விதி:
பாய், ரிலீஸ் விஷயம் இருக்கட்டும், குரல் ஓடுவதற்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? டிடெக்டர் ஒன்றே ஒன்றுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் கசிவு இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்துதானே மாறும், ஒரு பக்கம் மட்டும் எப்படிச் சாயும்?

குற்றவாளி வேறு. ஜிஎல்5528 என்ற எல்டிஆரின் டேட்டாஷீட்டைப் பாருங்கள், 10 லக்ஸ் வெளிச்சத்தில் 8 முதல் 20 கிலோ ஓம் வரை எது வந்தாலும் அது நல்ல சரக்குதான் என்று போட்டிருக்கும். கணக்குப் போடுங்கள். 22 கிலோவுக்குக் கீழே 10 கிலோ வந்தால் 10 டெசிபல் குறையும், 20 கிலோ வந்தால் 6.4 டெசிபல்தான் குறையும். ஒரே பாக்கெட்டில் வாங்கிய இரண்டு எல்டிஆர் மூன்றரை டெசிபல் சண்டை போடலாம், குரல் ஓடாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு எல்இடி இரண்டும் பேரலல். ஒன்றின் வோல்டேஜ் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் கரண்ட்டில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கீழக்கரை_சாலிடர்:
டேட்டாஷீட் எழுதியவன் நம் ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதவில்லை தம்பி. எல்டிஆர் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கசிவு வந்தால் அந்தப் பக்கம் மட்டும் குறையாதா?

ஓம்விதி:
குறையும், எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. 1 மெகா ஓம் கசிவு என்றால் 22 கிலோவுக்கு எதிரே 0.2 டெசிபல்கூட வராது. காது கேட்கிற அளவுக்குக் குறைய வேண்டுமென்றால் சில பத்து கிலோ ஓம் கசிவு வேண்டும், அந்த அளவு கெட்ட போர்டில் சும்மா இருக்கும்போதே குரல் நடுவில் நிற்காது. கம்ப்ரஸ் ஆகும்போது மட்டும் ஓடுகிறது என்றால் அது எல்இடி, எல்டிஆர் ஜோடியில்தான்.

தொண்டி_ரேடியோ:
இவ்வளவு மெனக்கெடுவானேன்? 24 பிட்டில் லெவலைக் குறைத்துப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் கம்ப்ரசர் போடலாமே.

பாம்பன்_மைக்செட்:
பதிவு மட்டும் என்றால் செய்யலாம் அண்ணே. அதே அவுட்தான் ஊர்க் கேபிளுக்கும் யூடியூப் நேரலைக்கும் போகிறது, அங்கே வீட்டுக்கு வந்து சரிபண்ண முடியாது.

ஓம்விதி: ஒரே மோனோ டோனை இரண்டு சேனலுக்கும் கொடுத்து அவுட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். 1 கிலோ ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டரின் ஏசி ரேஞ்ச் அங்கே பொய் சொல்லும், 200 ஹெர்ட்ஸ் போதும். பிறகு எல்இடி இரண்டையும் சீரியஸில் மாற்றுங்கள், ரெசிஸ்டரைப் பார்த்துக் குறையுங்கள். சிவப்பு எல்இடி இரண்டுக்கும் சேர்த்து 4 வோல்ட்தான், உங்கள் 12 வோல்ட் சப்ளைக்கு அது ஒன்றுமில்லை. சீரியஸில் இரண்டிலும் ஒரே கரண்ட், அதற்கு மேலும் ஓடினால் மிச்சம் எல்டிஆர் கணக்கு.

பாம்பன்_மைக்செட்:
பார்த்தாச்சு. பேரலலாக இருந்தபோது இடது 0.44 வோல்ட், வலது 0.31. சீரியஸில் போட்ட பிறகு இடது 0.40, வலது 0.35.

ஓம்விதி:
மூன்று டெசிபல் வித்தியாசம் ஒன்றே கால் டெசிபலுக்குள் வந்துவிட்டது. மிச்சத்துக்கு, அதிகமாகக் குறைகிற வலது பக்க எல்இடியின் குறுக்கே ஒரு பிரிசெட் (திருகிச் சரிசெய்கிற ரெசிஸ்டர்) போட்டுக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிவிட்டால் சமமாகிவிடும்.

கீழக்கரை_சாலிடர்:
இங்கேதான் தம்பி மாட்டுகிறார். பிரிசெட் ஒரு புள்ளியில் சமமாக்கும். 3 டெசிபலில் சரிபண்ணி வை, தவில்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி 10 டெசிபல் இறங்கும்போது மறுபடி ஓடும், ஏனென்றால் இரண்டு எல்டிஆரும் வெளிச்சத்துக்கு ஏற்ப இறங்குகிற சரிவே வேறு. எல்டிஆரைத் தூக்கிப் போட்டுவிட்டு என்இ571 வாங்கு, இரண்டு சேனலும் ஒரே சில்லுக்குள் இருக்கிறது, ஜோடி தேட வேண்டியதில்லை.

ஓம்விதி:
பிரிசெட் பற்றி பாய் சொன்னது சரி, அது ஒட்டுப்போடுகிற வேலைதான். ஆனால் 571 டெலிபோனுக்காக வந்த சரக்கு, கவனமாகக் கட்டாவிட்டால் பாட்டுக்கு நடுவே அதன் இரைச்சல் ஏறி இறங்குவது தனியாகக் கேட்கும். விசிஏ (வோல்டேஜால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சில்லு) என்றால் தேட் 2180 போன்றது நல்லது, டெசிபலுக்கு 6.1 மில்லிவோல்ட் என்று இரண்டும் ஒரே கோட்டில் போகும், விலைதான் உதைக்கும், போலியும் நிறைய. அதைவிட எல்டிஆர் மலிவு, ஒரு கைப்பிடி வாங்கி ஜோடி சேர்க்கலாம். ஒரே எல்இடிக்கு எதிரே ஒவ்வொன்றாக வைத்து, குறைந்த வெளிச்சத்தில் ஒரு தடவை, கூடின வெளிச்சத்தில் ஒரு தடவை அளந்து இரண்டிலும் ஒத்துப்போகிறதைப் பிடியுங்கள். அளக்கும் முன் எல்லாவற்றையும் சில மணி நேரம் வெளிச்சத்தில் போட்டு வையுங்கள், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் இருட்டில் கிடந்த ஞாபகத்தில் வேறு எண் காட்டும்.

கீழக்கரை_சாலிடர்:
ரிலீஸ் பற்றி வாயே திறக்கவில்லையே?

ஓம்விதி:
அந்த 1 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் என்று நினைக்கிறேன், அதுதான் கசிகிறது. பாலியஸ்டர் போடச் சொல்லலாம்.

கீழக்கரை_சாலிடர்:
எலக்ட்ரோலிட்டிக் கசிவு சூட்டில் கூடும், குளிர்ந்தால் குறையும். அப்படியானால் உச்சிவெயிலில் அல்லவா ரிலீஸ் வேகமாக வேண்டும்? இங்கே பொழுது சாய்ந்த பிறகு ஆகிறது, காற்றில் ஈரம் ஏறுகிற நேரம். 1 மைக்ரோவும் 1 மெகாவும் சேர்ந்தால் ஒரு விநாடி, பிளக்ஸ் வழியாக இன்னொரு மெகா ஓம் கசிந்தால் அரை விநாடி. தம்பி, சாயங்காலம் டிடெக்டர் பக்கம் மட்டும் ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டிப் பார். கெப்பாசிட்டர் கெட்டிருந்தால் ரிலீஸ் இன்னும் வேகமாகும், ஈரம் என்றால் பழையபடி மெதுவாகும்.

பாம்பன்_மைக்செட்:
மெதுவாகிறது பாய். டிரையரை எடுத்துக் கொஞ்ச நேரத்தில் திரும்ப வேகமாகிவிடுகிறது.

கீழக்கரை_சாலிடர்:
அப்புறம் என்ன, கழுவு.

ஓம்விதி:
கழுவட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுக்கக் காயாமல் கோட்டிங் அடித்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்த கதைதான். கெப்பாசிட்டரையும் பாலியஸ்டராகவே மாற்றிவிடுங்கள், 1 மெகா ஓமுக்குக் குறுக்கே எலக்ட்ரோலிட்டிக் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பாம்பன்_மைக்செட்:
கழுவினேன், பாலியஸ்டரும் போட்டேன், இப்போது இரவிலும் ரிலீஸ் மாறவில்லை. எல்டிஆர் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும், மூடியைத் திறந்து வைத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல், மூடினால் போய்விடுகிறது. கிரவுண்ட் பிரச்சினையா?

கீழக்கரை_சாலிடர்:
எர்த் சரியாக இருக்காது. ஷீல்டு வயரைப் பார்.

ஓம்விதி:
ஷீல்டைத் தொடும் முன் மேசைக்கு மேலே இருக்கிற டியூப் லைட்டை அணைத்துப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் சோக் போட்ட டியூப் விநாடிக்கு 100 தடவை துடிக்கும், ஸ்லீவின் வாலில் கால் வெளியே வருகிற இடுக்கு வழியாக அந்த வெளிச்சம் எல்டிஆருக்குள் போகிறது.

பாம்பன்_மைக்செட்:
லைட்டை அணைத்ததும் நின்றுவிட்டது.

கீழக்கரை_சாலிடர்:
கறுப்பு டேப் சுற்று.

ஓம்விதி:
டேப் வேண்டாம், வெயில் காலத்தில் பசை இளகி உரிந்துவிடும். கறுப்பு சிலிக்கான் வைத்து இரண்டு முனையையும் அடையுங்கள், ஜோடி சேர்த்து முடித்த பிறகு. இப்போதே அடைத்தால் எல்டிஆரை மாற்றும்போது ஸ்லீவைக் கிழிக்க வேண்டியிருக்கும்.