விழுந்த பிறகு மீண்டும் சேணத்தில்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கொள்ளுப்பை (சென்னை):

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். என் விஷயத்தில் பறந்தது, உலர்புல் கட்டுகளின் மேல் போர்த்தியிருந்த ஒரு நீலத் தார்ப்பாய். 38 வயதில் குதிரையேற்றம் கற்கத் தொடங்கி, ஒன்றரை ஆண்டுகள் சனி, ஞாயிறு தவறாமல் சென்று, ட்ராட்டிலிருந்து (துள்ளு நடை) கேன்டருக்கு (மெதுவான பாய்ச்சல் ஓட்டம்) மாறுவது ஓரளவு கைவந்திருந்த நேரம் அது. பயிற்சித் திடலின் கிழக்கு மூலையில் நான் கேன்டருக்குக் காலால் குறிப்புக் கொடுத்தபோது தார்ப்பாயின் ஒரு முனை கட்டவிழ்ந்து படபடத்தது. என் குதிரை ராணி சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தாள். நான் அவளுடைய வலத் தோளைத் தாண்டி மணலில் விழுந்தேன். விழும்போது கையை ஊன்றியதில் வலப்பக்கக் காறை எலும்பு முறிந்தது.

முறிந்தது அப்போது எனக்குத் தெரியாது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய செய்தி. விழுந்தவர் உடனே ஏறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் குடியேறிவிடும் என்று அங்கிருந்தவர்கள் எல்லோரும் ஒருமித்துச் சொன்னார்கள். எனக்கும் அது வீரமாகத்தான் பட்டது. அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் வலியைச் சில நிமிடங்களுக்கு மறைத்துவிடும் ஆதலால், முறிந்த எலும்போடு ஏறி இரண்டு சுற்று வந்தேன். மூன்றாம் சுற்றில் வலி தெரியத் தொடங்கியபோது நான் சேணத்தின் மேல் இருந்தேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்ற பழமொழி உண்டே, எனக்குக் குழி பறித்தது அந்த அறிவுரை. விழுந்த நொடி என் நினைவில் அவ்வளவு தெளிவாக இல்லை. சேணத்தில் அமர்ந்தபடி தோள் வலியில் கண் இருண்ட அந்த மூன்றாம் சுற்று மட்டும் உடம்பில் அப்படியே பதிந்துவிட்டது.

ஆறு வாரம் கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டிருந்தேன். மூன்று மாதம் சவாரி கூடாது என்றார் மருத்துவர். அது முடிந்தபோது ஐப்பசி மழையில் திடல் குளமாகிக் கிடந்தது. உள்ளுக்குள் அந்த மழைக்கு நன்றி சொன்னேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இடையில் நண்பர்கள் ஊக்கமூட்டுவதற்காக வீராங்கனைகளின் கதைகளை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பிரிட்டனின் லாரா காலெட் 2013-இல் ஒரு போட்டியில் குதிரை மேலே விழுந்து கோமாவுக்குப் போய், வலக்கண் பார்வையை இழந்து, பின்னர் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் குழுத் தங்கம் வென்றவர். பெரிய கதைதான், ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம் நான் இன்னும் சிறுத்துப் போனேன். அவருக்குத் திரும்பிச் செல்ல ஒரு தொழில் இருந்தது. எனக்கு இருந்தது வாரம் இரண்டு காலைப்பொழுதுகள். "இதெல்லாம் உனக்குத் தேவையா?" என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.

தை பிறந்ததும் போனேன். பாபு என்ற முதிய குதிரையில் ஏற்றிவிட்டார்கள். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று, குழந்தைகளைச் சுமந்து பழகிய சாது. அதன் மேலேயே எனக்குத் தொடை நடுங்கியது. பயப்படுகிற உடம்பு செய்கிற காரியங்கள் ஒவ்வொன்றும் மறுபடி விழுவதற்கு வழி செய்பவை என்பதை அன்று எங்கள் பயிற்சியாளரான மாஸ்டர் ஒன்றொன்றாகக் காட்டினார். முழங்காலால் இறுக்கிப் பிடிக்கிறோம், அதனால் குதிகால் மேலேறி அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) காலின் பிடிமானம் போகிறது. முன்னால் குனிகிறோம், அதனால் குதிரை சற்று நின்றாலும் தலைகுப்புற விழும் நிலைக்கு வருகிறோம். கால் 'போ' என்றும் கடிவாளம் 'நில்' என்றும் ஒரே சமயத்தில் சொல்வதால் குதிரை குழம்பி, தானும் பதறுகிறது. ஐந்து நிமிடத்தில் என்னை இறக்கிவிட்டார். "இன்னும் இரண்டு வாரத்துக்கு ஏற வேண்டாம், லாயத்துக்கு வாருங்கள் போதும்" என்றார். அவமானமாக இருந்தது. இன்று யோசித்தால், நான் மீண்டும் ஏறியது அவர் இறக்கிவிட்ட அந்த நாளில்தான் தொடங்கியது.

லாயத்தில் பார்த்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் தண்டனையாக நினைத்து ஒதுக்குகிறார்கள். உடம்பைத் துலக்குவது, குளம்பைத் தூக்கி மண்ணைச் சுரண்டி எடுப்பது, தலைக்கயிற்றைப் பிடித்து இடப்பக்கமாக நின்று நடத்திச் செல்வது, நிறுத்துவது, பின்னால் நகர்த்துவது. சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது பாபு வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதும், சிறிது தூரம் நடத்திவிட்டு மறுபடி இறுக்கினால் இரண்டு துளை கூடுதலாக ஏறும் என்பதும், ஒன்றரை ஆண்டு சவாரி செய்தும் எனக்குத் தெரியாமல் இருந்தது. அதுவரை சேணம் பூட்டிய குதிரையைத்தான் என் கையில் கொடுத்திருந்தார்கள். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் குருட்டுப் புள்ளிகள் உண்டு என்று பாடமாகப் படித்திருந்தேன். பாபுவைத் துலக்கிக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றி வரும்போது அதன் உடம்பில் ஒரு கையை வைத்தபடி வர வேண்டிய காரணம் அப்போதுதான் கைக்குப் புரிந்தது.

அதன் பிறகு நீளக் கயிறு. மாஸ்டர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டத்தில் ஓட்டுவார். என் கையில் கடிவாள வார் கிடையாது, பாபுவின் கழுத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு தோல் வார் மட்டும் பிடித்துக்கொள்ள இருந்தது. பயத்தில் நான் மூச்சை அடக்கிக்கொள்வதைக் கண்டு, எதையாவது உரக்கச் சொல்லிக்கொண்டே வரச் சொன்னார். வாய்க்கு வந்தது பதினாறாம் வாய்ப்பாடு. ஒரு பதினாறு பதினாறு, இரு பதினாறு முப்பத்திரண்டு என்று தொடங்கினேன். ஏழாவது வரியில் தடுமாறி நின்றபோது பாபுவின் இடக்காது மெல்லப் பின்னால் திரும்பி என் பக்கம் நின்றது. 112 என்று சொன்னேன். காது மறுபடி முன்னால் போயிற்று. விபத்துக்குப் பின் முதன்முறையாக அன்று சேணத்தில் சிரித்தேன். வாய்ப்பாடு சொல்பவரால் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. மூச்சு விட்டால் இடுப்பு தளர்கிறது. இடுப்பு தளர்ந்தால் குதிரையின் நடை நம் உடம்புக்குள் வந்துவிடுகிறது.

மிச்சம் இருந்தது தார்ப்பாய். அதே கிழக்கு மூலை நெருங்கும்போதெல்லாம், அங்கே ஒன்றுமே இல்லாதபோதும், எந்தக் குதிரையானாலும் விறைத்தது. 2009-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையைப் பற்றி அப்போது படித்தேன்: குறிப்பிட்ட ஒரு சுற்றில் குடை விரிக்கப்படும் என்று சவாரி செய்பவர்களிடம் சொல்லிவிட்டு, குடையை விரிக்கவே இல்லை, ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதரின் இதயத் துடிப்போடு குதிரையின் இதயத் துடிப்பும் கூடியது. மூலையில் பேயை வைத்திருந்தது நான்தான். அதற்கு அறிவால் ஆறுதல் சொல்லிப் பயனில்லை என்று மாஸ்டர் ஒரு தார்ப்பாயைக் கைக்குட்டை அளவுக்கு மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஒரு பிடி வேகவைத்த கொள்ளை வைத்தார். கயிற்றைப் பிடித்துப் பாபுவை நான் நடத்திச் செல்ல வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரு மடிப்பு விரிந்தது. பங்குனி முடிவதற்குள் பாபு நான்கு குளம்புகளையும் தார்ப்பாயின் மேல் ஊன்றி நின்று கொள்ளு மென்றது. அதன் கீழ் அந்த நீல பிளாஸ்டிக் நொறநொறத்தபோது என் வயிறு கலங்கவில்லை.

கேன்டர் திரும்பி வந்தது ஆவணியில். முதல் நாள் நான்கைந்து பாய்ச்சல்தான். அத்துடன் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். நன்றாகப் போகும்போதே நிறுத்துவது என்பது மாஸ்டரின் கட்டளை, பேராசையால் நான் பலமுறை மீறிய கட்டளையும் அதுவே.

அந்தியூர்க்காரன்:

அக்கா எழுதியதைப் படித்தபோது குதிரை ஏறாமல் தள்ளிப்போட்ட என் பதினொரு ஆண்டுகளை எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊர் குருநாதசுவாமி கோயில் ஆடித் தேர்த் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைப் பார்த்தே வளர்ந்தவன் நான்; குதிரை என்றால் பயம் என்று எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மாமா சந்தையில் வாங்கிய கத்தியவார் குதிரையில் 19 வயதில் விழுந்தேன். விழுந்தது பெரிதில்லை, கால் அங்கவடிக்குள் மாட்டிக்கொண்டு வரப்போரமாக இழுபட்டதுதான் பெரிது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆகவே வேலை, படிப்பு, முதுகுவலி என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு சாக்கு சொல்லியே தப்பித்தேன். நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று பாட்டி சொல்வது நேராக என் மேலேயே வந்து விழும்.

எனக்கு உதவியது தைரியம் அல்ல, செருப்பு. குதிகால் இல்லாத தட்டையான ரப்பர் செருப்போடு ஏறியிருந்தேன். பாதம் முழுவதும் வளையத்துக்குள் நழுவிப் போனதற்கு அதுவே காரணம் என்று ஒரு பயிற்சியாளர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். ஓர் அங்குலம் குதிகால் உள்ள காலணியும், வெளிப்பக்கம் இரும்புக்குப் பதில் ரப்பர் வளையம் மாட்டிய பாதுகாப்பு அங்கவடியும் வாங்கினேன். விழும் எடை இழுத்தால் அந்த ரப்பர் கழன்று காலை விட்டுவிடும். நிற்கும் குதிரையில் அமர்ந்து, இரு கால்களையும் ஒரே நேரத்தில் உருவிக் கீழே குதிக்கும் பயிற்சியை ஒரு மாலையில் நாற்பது தடவையாவது செய்திருப்பேன். என்ன நடந்தது என்று தெரியாதவரை அது விதி போல இருந்தது. தெரிந்த பிறகு வெறும் காலணி விவகாரம் ஆகிவிட்டது. இன்றும் ஏறுமுன் அங்கவடியை இரண்டு முறை அசைத்துப் பார்ப்பேன். பார்ப்பவர்கள் சடங்கு என்று நினைப்பார்கள்.

அக்கா, ஒரு கேள்வி: ராணியின் மேல் மறுபடி ஏறினீர்களா?

பழைய குதிரைப்படை:

ராணுவத்தின் கால்நடைப் பிரிவில் குதிரைகளோடு பணியாற்றி ஓய்வு பெற்றவன். நான் திரும்ப ஏறவில்லை. அந்த அனுபவமும் இங்கே இருக்கட்டும். 59 வயதில் இரண்டாவது முறையாகத் தலையில் அடிபட்டது. எழுந்து நின்று, எல்லோரோடும் பேசி, தேநீரும் குடித்தேன். மாலையில்தான் வாந்தியும் குழப்பமும் வந்தன. தலையில் அடிபட்டவரை அன்றே மறுபடி ஏற்றாதீர்கள், அன்றிரவு தனியாகவும் விடாதீர்கள். அடிபட்ட ஹெல்மெட் வெளியே புதிது போலவே இருக்கும், உள்ளே இருக்கும் நுரை நசுங்கியிருக்கும். விலையைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது அடியைத் தாங்க முடியாது என்று மருத்துவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். இப்போது பக்கத்துப் பண்ணையில் இரண்டு குட்டிகளுக்குத் தலைக்கயிறு பழக்குகிறேன். தரையில் நின்றபடி ஒரு குதிரைக்குக் கற்றுக்கொடுக்க முடிவது, நாற்பது ஆண்டு சேணத்தில் நான் கவனிக்காமல் விட்ட பலவற்றைக் காட்டுகிறது.

கொள்ளுப்பை (சென்னை):

ஐயா, உங்கள் பதிவை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். புது ஹெல்மெட் சென்ற வாரம் வாங்கியாயிற்று.

தம்பி, ராணியின் மேல் ஏறிவிட்டேன். நடையும் ட்ராட்டும் மட்டும். கேன்டர் இன்னும் பாபுவோடுதான். கடந்த சனிக்கிழமை நல்ல காற்று. கிழக்கு மூலையில் புல் கட்டுகளின் மேல் புதிய தார்ப்பாய், இம்முறை பச்சை நிறம், முனைகளில் செங்கல் வைத்திருந்தார்கள். ராணியின் இரண்டு காதுகளும் அதன் மேல் நின்றன. எனக்கும் பார்வை அங்கேயே போயிற்று. பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்து நான்காவது வரி வரை வந்தேன், காற்று கூடியது. இறங்கி, தலைக்கயிற்றைப் பிடித்து, அவளைத் தார்ப்பாய் அருகே நடத்திச் சென்று மோந்து பார்க்க விட்டேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டுவிட்டு அதன் கீழிருந்த புல்லை இழுத்துத் தின்னத் தொடங்கிவிட்டாள்.