நிகழ்நிலைக் காப்புச் சட்டம்: கட்டுப்படுத்த வேண்டியது பேச்சையா, நிறுவனங்களையா?

கொட்டாஞ்சேனை குமரன்:
2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்துத் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, வெறுப்பைத் தூண்டிய பதிவுகள் முகநூலில் தடையின்றிப் பரவின. அந்நிறுவனம் அதற்கு மன்னிப்புக் கேட்டதோ 2020 மே மாதத்தில்தான். நிறுவனங்கள் தாமாகத் திருந்தும்வரை காத்திருக்க இயலாது என்பதால், இணையத்தில் பொய்யான, தீங்கான கூற்றுகள் பரவுவதைத் தடுக்க வந்த 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை, அதன் குறைகளை அறிந்தே ஆதரிக்கிறேன்.

வெள்ளவத்தை வாசுகி:
குமரன் அண்ணா, திகன எரிந்த நாளில் நாட்டில் சட்டம் இல்லாமலா இருந்தது? இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம் 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே சட்டம், முகநூலில் ஒரு சிறுகதையை வெளியிட்ட சிங்கள எழுத்தாளர் மீது 2019 ஏப்ரலில் பாய்ந்து, அவரை மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைத்தது. இப்போதைய சட்டமோ, எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. முள்ளிவாய்க்காலில் மாண்டோரின் தொகையாக அரசு சொல்வதும் நம் மக்கள் சொல்வதும் ஒன்றல்ல என்றிருக்க, நம் தொகையை எழுதுபவரை அந்த ஆணைக்குழு எப்படிப் பார்க்கும் என்பதே என் கவலை.

குமரன்:
அந்த நியமனங்களுக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். தான் சொல்வது பொய்யென்று அறிந்தோ நம்பியோ சொல்பவரைத்தான் சட்டம் குறிக்கிறது. தன் அந்தரங்கப் படம் பரப்பப்பட்ட ஒரு பெண் நீதவான் நீதிமன்றத்தை நாடவும் இச்சட்டம் வழி திறந்திருக்கிறது; அதை மூடிவிடச் சொல்கிறீர்களா?

புறக்கோட்டை வாசகர்:
இருவரும் 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மறந்துவிட்டீர்கள். அது பேசுபவரைத் தொடுவதில்லை. தரவைக் கையாளும் நிறுவனத்தின் மீதே கடமையைச் சுமத்தி, மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. எந்தப் பதிவை யாருக்கு முன்னே தள்ளுவது என்று நிறுவனத்தின் கணினி நிரல்தான் முடிவெடுக்கிறது என்றால், பொறுப்புக்கூறலும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

வாசுகி:
அதைத்தான் நானும் கேட்கிறேன். குமரன் அண்ணா, அந்தப் பெண்ணுக்கான பிரிவு இருக்கட்டும். நீதிமன்றத்தின் கட்டளைப்படி படத்தை உடனே அகற்றும் பொறுப்பும் நிறுவனத்துக்கு இருக்கட்டும். கூற்றின் பொய்மெய்யைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மட்டும் ஆணைக்குழுவிடமிருந்து எடுத்து, சாட்சியங்களை இரு தரப்பும் முன்வைக்கக்கூடிய திறந்த நீதிமன்றத்திடம் ஒப்படைக்கத் திருத்தம் கொண்டுவந்தால், நீங்கள் அதை எதிர்ப்பீர்களா?

குமரன்:
எதிர்க்க மாட்டேன். ஆனால் கலவரம் மூண்ட இரவில் நீதிமன்றம் எத்தனை மணிக்குக் கூடும் என்பதையும் அந்தத் திருத்தத்திலேயே எழுதுங்கள்.