எந்த சென்சர் எந்த அறையில்? கணக்கு வைப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. ஐந்து மாடி மருத்துவமனை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். தடுப்பூசி ஃப்ரிட்ஜ், மருந்துக் கிடங்கு, ஆய்வகம் என்று 140 லோராவான் (குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் வயர்லெஸ் முறை) வெப்பநிலை சென்சர்கள். எது எங்கே என்பதற்கு ஓர் எக்செல் ஷீட்தான் ஆதாரம்.

போன வாரம் நள்ளிரவில் ஒரு ஃப்ரிட்ஜில் 11 டிகிரி என்று அலாரம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஷீட்டில் 'மூன்றாம் மாடி, குழந்தைகள் வார்டு' என்று இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே ஃப்ரிட்ஜே இல்லை. பெயின்ட் அடித்தபோது தரைத்தளத்துக்கு இறக்கியிருக்கிறார்கள், யாரும் எழுதிவைக்கவில்லை. தேடிப் பிடிக்க 40 நிமிடம். ஒரு தட்டு மருந்தை ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. இன்னும் மனசு ஆறவில்லை.

சிக்னல் பலத்தை வைத்து இடம் தெரியுமா என்று பார்த்தேன். கான்கிரீட்டும் லிஃப்ட்டும் இரும்புக் கதவும் குறுக்கே வருவதால் எந்த மாடி என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அப்புறம், ஒவ்வொரு சென்சரின் 16 எழுத்து அடையாளக் குறியும் அதன் பெட்டியின் பின்பக்கம் இருக்கிறது. சுவரில் ஒட்டிவிட்டால் படிக்க வழியில்லை.

சென்சரின் முன்பக்கம் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர், அறைக்கதவில் ஒன்று, இடம் மாற்றினால் இரண்டையும் போனில் ஸ்கேன் செய்வது என்று யோசிக்கிறேன். சரி, அவசரத்தில் யார் செய்வார்கள்? சென்சரை அறையோடு சேர்த்துப் பதிவதா, ஃப்ரிட்ஜோடு சேர்த்துப் பதிவதா? பேட்டரி மாற்றும்போதே இடத்தையும் சரிபார்க்கும் வழக்கம் யாரிடமாவது உண்டா? அடுத்த மாதம் இன்னும் 60 வருகின்றன. செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.