மலை ஒளிப்பதிவுக்குப் போக என்ன வழி?

தண்டையார்பேட்டை_ஃபிரேம்:
கல்யாண வீடியோ எடுக்கிறேன். இமயமலை, சாகசப் படங்களுக்குக் கேமராமேனா போகணும். முதல்ல நல்ல லென்ஸ் வாங்கவா, மலையேற்றம் கத்துக்கவா?

ஜுமார்_மணி:
லென்ஸ் இருக்கட்டும் தம்பி. உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துல 28 நாள் அடிப்படைக் கோர்ஸ் சேருங்க. ‘ஏ’ கிரேடு வாங்கினாத்தான் அடுத்த அட்வான்ஸ்டு கோர்ஸ். ஏறுறவங்களுக்கு முன்னாடியே நீங்க மேல போய் ஃபிரேம் வைக்கணும். அதனால அவங்களைவிட உங்களுக்குத் தெம்பு வேணும். 12 கிலோ பையோட ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறி இறங்குங்க. கேமராவைத் தனி ஸ்லிங்கால (உறுதியான நாடா) இடுப்புல கட்டுற பாதுகாப்பு வாரான ஹார்னஸ்ல மாட்டணும், நழுவினா கீழ இருக்கிறவர் தலையிலதான் விழும். நம்ம ஊரு கடல் மட்டம். 3,500 மீட்டர்ல இருக்கிற லடாக் லே நகரத்துல இறங்கின அன்னிக்கே ஷூட் வச்சா தலைவலி, வாந்தி வரலாம்.

பனி_பேட்டரி:
குளிர்ல லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துடும். உபரியை ஜாக்கெட் உள்பையில, உடம்புச் சூட்டுல வைங்க. விமானத்துல உபரி பேட்டரி கைப்பையில மட்டும்தான், கொள்ளளவு 100 வாட்-அவர் தாண்டினா முன் அனுமதி வேணும். வெளியிலிருந்து சூடான டென்ட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே கேமராவை ஜிப் கவர்ல போட்டு மூடுங்க. இல்லேன்னா லென்ஸுக்குள்ள வேர்த்துடும். கேமராவுல வெளிச்சம் அளக்கிற மீட்டர் வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கும், அதனால எக்ஸ்போஷரை (படத்துல பதியுற வெளிச்ச அளவை) 1 முதல் 1.5 ஸ்டாப் ஏத்துங்க.

தண்டையார்பேட்டை_ஃபிரேம்:
ஊர்ல கேமராவை எடுத்து வைக்கும்போது?

ஜுமார்_மணி:
காசிமேட்டு உப்புக்காத்துல பீரோ வேணாம், பூஞ்சை வரும். காத்துப் புகாத டப்பா, உள்ள ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல். நிறம் மாறினா காய வச்சுப் போடுங்க.