குழம்பு தாளித்தாலே அலறும் ஃபயர் அலாரம்: என்ன செய்யலாம்?

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சமையல்கூடத்தை ஒட்டிய வராண்டாவில் இருக்கும் புகை டிடெக்டர், குழம்பு தாளித்தாலே அலறுகிறது. இப்போது அலாரம் அடித்தால் பிள்ளைகள் எழுந்திருப்பதுகூட இல்லை. கடுப்பில் யாரோ அந்த ஸோனையே (அந்தப் பகுதி டிடெக்டர்களின் இணைப்பையே) பேனலில், அதாவது அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில், அணைத்து வைத்திருக்கிறார்கள், நேற்றுதான் பார்த்தேன். 2004-இல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோன மாவட்டம் இது. பதறிவிட்டது.

டிடெக்டரைத் தூசி தட்டியும் பயனில்லை. அதற்குப் பதில் வெப்பத்தை உணரும் டிடெக்டர் போட்டால், பழைய கன்வென்ஷனல் பேனல் (எந்த டிடெக்டர் என்று காட்டாமல், எந்த ஸோன் என்று மட்டும் காட்டும் வகை) ஏற்குமா? டிடெக்டரை மாட்டும் அதே பேஸில் (அடித்தட்டில்) பொருந்துமா?

அப்புறம், கரண்ட் போனால் பேனலும் பத்தே நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. 12 வோல்ட் பேட்டரி இரண்டு, வாங்கி 5 வருடம் ஆகிறது. ஒன்றை மட்டும் மாற்றலாமா (நிர்வாகம் அப்படித்தான் கேட்கும்), இரண்டையும் மாற்ற வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.